தழுவல்: ‘அடாப்டேஷன்’ என்பதற்குத் தமிழ்

நாவல் ஒன்று படமானால் ‘அடாப்டேஷன்’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். லூயிசா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’ திரைக்கு வரும்போதெல்லாம் அந்தச் சொல்தான். தமிழில் இதற்குத் தழுவல் என்ற அருமையான சொல் இருக்கிறது. திரைக்கு வந்தால் திரைத்தழுவல்.

அடாப்டேஷனின் லத்தீன் வேருக்குப் பொருத்துதல் என்று பொருள். அதனால் ஆங்கிலத்தில் உயிரியலுக்கும் அதே சொல். நமக்கு இரண்டும் வேறு வேறு. ஒட்டகம் பாலைவனத்துக்கு ஏற்றபடி இருப்பது தகவமைப்பு. பாடநூலும் அப்படித்தான் சொல்கிறது. அங்கே ‘தழுவல்’ என்று போடுவது தவறு.

தழுவு என்றால் அணைத்துக்கொள். முல்லைக்கலி பாடும் ஏறு தழுவுதலிலும் இதே வினைதான். இலக்கணத்திலும் இது உண்டு. ‘சாத்தனும் வந்தான்’ என்றால், அவனுக்கு முன்பே வேறொருவன் வந்திருக்கிறான் என்பது அந்த ‘உம்’முக்குள் அடங்கியிருக்கிறது. இறந்தது தழீஇய எச்சவும்மை என்பார்கள்; ‘தழீஇய’ என்றால் தழுவிய. முன்னே வந்தவனையும் சேர்த்துச் சொல்கிற உம்மை அது. நாவலைத் தழுவிய படத்துக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

நாவலில் இருந்ததை இயக்குநர் மாற்றலாமா என்று சண்டை போடுகிறோமே, நன்னூல் அதற்கு எப்போதோ வழி சொல்லிவிட்டது:

‘முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூ லாகும்.’

முன்னோர் நூலை ஒட்டிப் பின்னால் வருவது வழிநூல். அது மூலத்தின் முடிபோடு ஒத்துப்போக வேண்டும். பின்னால் வருபவன் தான் வேண்டும் வேறுபாட்டையும் சொல்லலாம். 2019இல் கிரெட்டா கெர்விக் எடுத்த ‘லிட்டில் விமன்’ படத்தைப் பாருங்கள். நான்கு சகோதரிகளும் அப்படியே இருக்கிறார்கள். ஆனால் கதை, அவர்களில் எழுத்தாளராகும் ஜோ வளர்ந்த பிறகு தொடங்கி, சிறுவயதுக்கும் இப்போதைக்குமாகப் போய்வருகிறது. கடைசியில் ஜோ பதிப்பாளர் முன் உட்கார்ந்து பேரம் பேசுகிறாள். கதாநாயகிக்குக் கல்யாணம் செய்துவைக்க ஒத்துக்கொள்கிறாள். பதிப்புரிமையை மட்டும் விட மறுக்கிறாள். நாவலில் இந்தக் காட்சி கிடையாது. ஆனால் ஆல்காட் தன் வாழ்க்கையில் பதிப்புரிமையை விற்காமல் வைத்துக்கொண்டவர். விகற்பம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

குமரி மாவட்டத்துக்கு இது புதிதல்ல. தேரூர்க் கவிமணியின் ‘ஆசிய ஜோதி’ எட்வின் ஆர்னால்டின் ஆங்கிலக் காவியத்தைத் தழுவியது. படித்தால் தமிழில் பிறந்த பாட்டாகவே ஒலிக்கும். அப்புறம் நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968). இரணியலில் திரவி வளர்வதையும் அவன் அக்கா நாகுவின் துயரத்தையும் சொல்லும் நாவல். அதைத் தழுவி 2010இல் ‘மகிழ்ச்சி’ வந்தது. அந்த நாவலின் உயிரே இரணியல் பேச்சுதான். அதைத் தொட்டு யார் படமெடுத்தாலும் முதலில் அணைத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பேச்சைத்தான்.

ஒரு படத்தையே திரும்ப எடுப்பது ரீமேக். அதை மறுஆக்கம் எனலாம். மூலத்தின் பெயரை மறைத்து எடுத்தால் அது களவு, தழுவல் ஆகாது. சுவரொட்டியில் ‘நாவல்’ என்று எழுதி ஆசிரியர் பெயரையும், ‘திரைத்தழுவல்’ என்று எழுதித் திரைக்கதை செய்தவர் பெயரையும் போட்டால் போதும்.