கிளினிக்கில் விடும் சொட்டு ரோட்டா வைரஸுக்கு இல்லை

திருகோணமலையில் பல தாய்மார் "எல்லாச் சொட்டும் குடுத்தாச்சு" என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கில் 2, 4, 6 மாதங்களில் வாயில் விடுவது போலியோ சொட்டு. பிள்ளைகளுக்குக் கடும் வயிற்றோட்டம் தரும் ரோட்டா வைரஸுக்கான சொட்டு தேசிய தடுப்பூசி அட்டவணையில் இல்லை. தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போடவேண்டும். கேட்காவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள்.

கேட்கிறவர்களும் வயதெல்லையில் மாட்டுகிறார்கள். 6 வாரத்திலிருந்து தொடங்கலாம். ரோட்டாரிக்ஸ் என்ற பெயரில் வரும் சொட்டு என்றால் இரண்டு தவணையும் 24 வாரத்துக்குள் முடியவேண்டும். "மருந்து கொழும்பிலிருந்து வரவேணும், அடுத்த கிழமை வாங்கோ" என்று இழுத்தால், காசு கையில் இருந்தும் பிள்ளைக்கு வயது கடந்துவிடும். ஆகவே பிள்ளை பிறந்ததுமே விசாரித்து வையுங்கள். போட்டதைப் பிள்ளையின் பதிவேட்டில் எழுதுவித்த பிறகே வெளியே வாருங்கள்.

"அக்காவின் பிள்ளைக்கு வயிற்றோட்டம் லேசாகப் போனது, என் பிள்ளைக்கு மட்டும் ஏன் சேலைன்?" என்று கேட்கும் தாய்மார் உண்டு. இதற்குப் பதில் பாதி வைரஸில், பாதி பிள்ளையில். ஜி1பி8, ஜி2பி4 என்று வைரஸில் பல வகை உண்டு. எஃப்யூடி2 என்ற மரபணு வேலை செய்யாத பிள்ளைகளின் குடலில் பி8 வகை எளிதில் ஒட்டாது. முதல் தொற்றுத்தான் பெரும்பாலும் கடுமை, பிறகு வருவது தணிவு. சரி, எந்த வகை என்று அறிய ஆயிரக்கணக்கில் செலவழிக்கலாமா? வேண்டாம். வழக்கமான மலப் பரிசோதனை ரோட்டா உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும், வகையைச் சொல்லாது. வகை தெரிந்தாலும் வைத்தியம் அதேதான்: ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புப் பொட்டலம்), தாய்ப்பால், துத்தநாகம், தேவைப்பட்டால் சேலைன். அறிக்கை வரட்டும் என்று வீட்டில் காத்திருப்பதுதான் ஆபத்து.

கண் குழிவு, கண்ணீரில்லாத அழுகை, சிறுநீர் குறைவு, சோர்ந்து தூங்குவது, குடிக்க மறுப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளம்பிவிடுங்கள். கிண்ணியா, மூதூர், கந்தளாய், திருகோணமலை, எது கிட்டவோ அந்த அரச வைத்தியசாலைக்கு. வாட்டில் சேர்க்கக் கிராம உத்தியோகத்தரின் கடிதம் வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. "உங்கட பகுதி இல்லை" என்று யாராவது சொன்னால் திரும்பிப் போகாதீர்கள், பொறுப்பு வைத்தியரைக் கேளுங்கள்.

ஜீவனிப் பொட்டலம் முழுதையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்கவேண்டும். கோப்பைக்குக் கொஞ்சம் என்று பிரித்துக் கரைத்தால் உப்பு கூடியோ குறைந்தோ போகும். அப்புறம், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது நோய் நிர்ணய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் அடுத்த முறை போனால் முதலிலிருந்து கதை சொல்லவேண்டும்.