பழைய மஸ்டாங்குக்கு மூன்றாவது பெடல்

ஃபோர்டு மஸ்டாங் 1964 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. 1966 மார்ச்சிலேயே பத்து லட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்துவிட்டது. அவற்றில் ஏராளமான வண்டிகளில் 289 கன அங்குல வி8 எஞ்சினும், சி4 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியும் இருந்தன. இன்று அவற்றைப் புதுப்பிக்கிறவர்களில் பலர் சி4-ஐ இறக்கிவிட்டு, 1980-களின் மஸ்டாங்குகளில் வந்த டி-5 என்ற ஐந்து கியர் மேனுவல் பெட்டியை ஏற்றுகிறார்கள்.

ஒரு பெட்டியைக் கழற்றி இன்னொன்றை மாட்டுகிற வேலை போலத்தான் தெரியும். ஆனால் பெட்டியை மாற்றுவது இதில் சுலபமான பாதி. சி4-க்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வர்ட்டர் சத்தமில்லாமல் நாலைந்து வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. அது போனதும் அந்த ஒவ்வொரு வேலைக்கும் புதிதாக ஆள் பிடிக்க வேண்டும்.

கன்வர்ட்டர் என்பது மெதுவடை வடிவத்தில் மூடிய இரும்புக் கூடு. உள்ளே முழுக்க ஆயில். கூட்டின் ஒரு பக்கத்து இதழ்கள் எஞ்சினோடு சேர்ந்து சுற்றி ஆயிலை வீசுகின்றன. எதிரே தனியாக நிற்கும் டர்பைன் அந்த வீச்சை வாங்கிக்கொண்டு கியர்பாக்ஸ் தண்டைச் சுழற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே இரும்போடு இரும்பு தொடுகிற இணைப்பு எதுவும் கிடையாது. அதனால்தான் சிக்னலில் கியர் விழுந்த நிலையிலேயே வண்டி நின்றாலும் எஞ்சின் அணைவதில்லை. ஆயில் வழுக்கிக்கொடுத்துவிடும்.

இதில் இன்னும் அழகான விஷயம் ஒன்று இருக்கிறது. டர்பைனில் மோதித் திரும்பும் ஆயில், எஞ்சின் பக்கத்து இதழ்களுக்கு எதிர்த்திசையில் வந்து விழும். அப்படி விழுந்தால் எஞ்சினை அது பின்னுக்கு இழுக்கும். அதைத் தடுக்க நடுவில் ஸ்டேட்டர் என்ற சிறு சக்கரம் இருக்கிறது. ஒரு திசையில் மட்டுமே சுற்றக்கூடிய அந்தச் சக்கரம், திரும்பி வரும் ஆயிலைத் தாங்கி, சரியான திசைக்கு வளைத்துவிடுகிறது. விளைவாக, வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது எஞ்சின் கொடுக்கும் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிப் பின்னால் போகிறது. வேகம் பிடிக்கப் பிடிக்க இந்தப் பெருக்கம் குறைந்து மறைந்துவிடும்.

மேனுவலில் கன்வர்ட்டரின் இடத்துக்கு வரும் கிளட்ச்சால் இதைச் செய்ய முடியாது. அது எஞ்சின் கொடுப்பதை அப்படியே கடத்தும், பெருக்காது. இதன் விளைவு என்ன என்று கணக்குப் போட்டால் புரியும். சி4-இன் முதல் கியர் விகிதம் 2.46, அதாவது பெட்டிக்குள் வரும் முறுக்குவிசை அத்தனை மடங்காகி வெளியே போகும். ஆட்டோமேட்டிக் மஸ்டாங்குகள் பலவற்றில் பின் அச்சின் விகிதம் 2.80. இரண்டையும் பெருக்கினால் சுமார் 6.9, கன்வர்ட்டரின் இரு மடங்கும் சேர்ந்தால், கிளம்பும் நொடியில் 14-ஐ நெருங்கும். டி-5-இன் முதல் கியர் 3.35. அதே 2.80 அச்சோடு 9.4-தான் வரும். அதாவது முதல் கியர் பெரிதாகியும் வண்டி சோம்பலாகக் கிளம்பும். ஓட்டுநர் கிளட்ச்சை அதிக நேரம் அரைவாசியில் பிடித்துச் சமாளிப்பார், பிளேட் சூடாகும்.

அடுத்தது எடை. ஆட்டோமேட்டிக்கில் எஞ்சின் வாலில் ஃப்ளெக்ஸ் பிளேட் என்ற மெல்லிய தகடு மட்டுமே இருக்கும். ஆயில் நிறைந்த கன்வர்ட்டரின் எடையே எஞ்சினைச் சீராகச் சுற்ற வைத்தது. மேனுவலுக்கு அந்த இடத்தில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் வேண்டும். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இந்த வி8 எஞ்சினின் சமநிலை எடையில் ஒரு பகுதி வெளியே, முன்பக்கம் அதிர்வைத் தணிக்கும் டேம்பரிலும் பின்பக்கம் ஃப்ளைவீலிலும் வைக்கப்பட்டிருக்கிறது. 289-க்கு அந்த அளவு 28 அவுன்ஸ்-அங்குலம். டி-5 வந்த 1980-களின் 5.0 லிட்டர் மஸ்டாங்குக்கோ 50. அந்த 1980-களின் வண்டி ஒன்றிலிருந்து டி-5-ஐயும் அதோடு வந்த ஃப்ளைவீலையும் மொத்தமாக வாங்கினால், போல்ட்டெல்லாம் அழகாகப் பொருந்தும். ஆனால் எஞ்சினை ஓட்டும்போது வண்டி முழுக்க அதிரும். அப்படியே ஓட்டினால் எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்குகள் தேய்ந்துபோகும். ஃப்ளைவீலை மட்டும் 28 என்று உறுதி செய்து புதிதாக வாங்குங்கள். இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

கன்வர்ட்டரின் மூக்கு கிராங்க் ஷாஃப்ட்டின் பின் குழிக்குள் உட்கார்ந்து தன்னை நடுவில் நிறுத்திக்கொள்ளும். மேனுவல் பெட்டியின் தண்டு நுனிக்கு அதே குழியில் ஒரு சின்ன பைலட் பேரிங் வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் அது இருக்காது. விலை குறைவான பொருள்தான், ஆனால் மறந்துவிட்டால் மொத்தப் பெட்டியையும் மறுபடி இறக்க வேண்டியதுதான். தண்டு ஆடும், கிளட்ச் முழுதாக விடாது, கியர் உரசும்.

நடுமையம் பார்ப்பதும் அப்படித்தான். பெட்டியை எஞ்சினோடு இணைக்கும் மணி வடிவக் கூடான பெல் ஹவுசிங்கின் துளை கிராங்க்கின் மையத்தோடு ஒத்துப்போகிறதா என்று, ஃப்ளைவீலில் டயல் கேஜை மாட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு, அதாவது சுமார் 0.13 மில்லிமீட்டருக்குள் முள் நின்றால் நல்லது. தாண்டினால், பெல் ஹவுசிங்கை இடத்தில் நிறுத்தும் டவல் பின்களில் மையம் சற்றே விலகியவை கிடைக்கின்றன. அவற்றைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யலாம். ஆயில் வழியாக இணையும்போது இந்தப் பிசகு அவ்வளவாகத் தெரியாது. பல் சக்கரமும் பிளேட்டும் மன்னிக்காது. எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பிலும் எழும் உதறலை ஆயில் உறிஞ்சிக்கொண்டிருந்தது இல்லையா, அந்த வேலை இப்போது கிளட்ச் பிளேட்டின் நடுவில் இருக்கும் சுருள் ஸ்பிரிங்குகளுக்கு.

கால் பக்கம் வருவோம். அகலமான பிரேக் பெடலோடு பெடல் தாங்கியையே கழற்றி, மேனுவல் வண்டியின் தாங்கியை மாட்ட வேண்டும். பெடலின் அசைவைக் கிளட்ச்சுக்குக் கொண்டுபோக மூன்று வழி உண்டு: ஃபோர்டு அன்று வைத்த இசட் வடிவக் கம்பி, கேபிள், ஹைட்ராலிக். ஹைட்ராலிக் மெத்தென்று இருக்கும் என்பது உண்மை. என் ஓட்டு இசட் கம்பிக்குத்தான். ஒரு முனை எஞ்சினிலும் மறுமுனை சட்டத்திலும் இருக்கும் அந்த எளிய கம்பியை ஸ்பேனர் ஒன்று கையில் இருந்தால் சாலையோரத்திலேயே சரிசெய்யலாம்.

சின்ன வேலைகள் சில மிச்சம். சி4-க்குப் போன வேக்கம் குழாயை அடைக்க வேண்டும். ரேடியேட்டருக்குள் போகும் ஆயில் குளிர்விப்புக் குழாய்களின் வாயையும் மூட வேண்டும். சி4-இல் பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டுமே ஸ்டார்ட் ஆகவைக்கும் சுவிட்ச் இருந்தது. பலர் அந்த இரண்டு ஒயரையும் முறுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்புறம் கியரில் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் வண்டி முன்னால் பாயும். அந்த ஒயர்களைக் கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச்சோடு இணைப்பதுதான் முறை. பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் விஷயத்தில் நிம்மதி: இரண்டு பெட்டிகளின் வால் தண்டிலும் 28 பற்கள், ஷாஃப்ட்டை அதோடு இணைக்கும் பழைய யோக் அப்படியே ஏறும். நீளத்தை மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

1985-க்குப் பிந்தைய டி-5-க்குள் ஊற்ற வேண்டியது கெட்டியான கியர் ஆயில் அல்ல, ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கான ஏடிஎஃப்தான். கியர் உரசாமல் விழ உதவும் அதன் சிங்க்ரோ வளையங்களில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை மெல்லிய ஆயிலுக்காகவே செய்யப்பட்டது.

இனி அந்தப் பின் அச்சு. 2.80-ஐ வைத்துக்கொண்டே ஓட்டினால் ஐந்தாவது கியர் பெரும்பாலும் வீண். அந்தக் கியரின் விகிதமான 0.68-ஐயும் 2.80-ஐயும் பெருக்கினால் 1.9, மணிக்கு 100 கிலோமீட்டரில் எஞ்சின் சுமார் 1,600 சுற்றுதான் ஓடும், சிறு மேட்டுக்கே திணறும். அச்சை 3.55 ஆக்கினால் முதல் கியரில் மொத்த விகிதம் 11.9 ஆகிறது, கிளம்புவது துடிப்பாகிவிடும். ஐந்தாவதில் அதே 100 கிலோமீட்டருக்குச் சுமார் 2,000 சுற்று. சி4-இன் மேல் கியரில் அது 2,300-ஐத் தாண்டியிருந்தது. கையில் இருக்கும் காசு பெட்டிக்கு மட்டுமே போதும் என்றால், அச்சுக்கும் சேர்த்துச் சேமிக்கும்வரை சி4-ஐ இறக்காமல் காத்திருப்பதையே நான் சொல்வேன்.