ஆளுக்கொரு நாற்காலி: போலிச் சமநிலை எப்படி வேலை செய்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு பிரிட்டன் வெளியேறுவதா என்ற பிரெக்சிட் வாக்கெடுப்பு நடந்த 2016இல் பிபிசியின் அரசியல் விவாதங்களை நடத்தியவர்களில் ஒருவர் எமிலி மெய்ட்லிஸ். ஆறு ஆண்டுகள் கழித்து, எடின்பரோ தொலைக்காட்சி விழா உரையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். பிரெக்சிட்டைக் கண்டு அஞ்சிய 60 பொருளியலாளர்களைப் பிடிக்க ஐந்து நிமிடம் போதும்; ஆதரிக்கும் ஒருவரைத் தேடிப் பிடிக்க ஐந்து மணி நேரம் ஆகும். ஒளிபரப்பில் உட்கார்ந்ததோ தரப்புக்கு ஒருவர்.

அந்த ஐந்து மணி நேரத் தேடல் திரையில் தெரியாது. அதே 2016 மே மாதம் இப்சோஸ் மோரி என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பில், பதில் அளித்த அறுநூறுக்கும் மேற்பட்ட பொருளியலாளர்களில் 88 சதவீதத்தினர், வெளியேறினால் அடுத்த ஐந்தாண்டு வளர்ச்சி பாதிக்கப்படும் என்றார்கள். இரண்டு நாற்காலிகள் அதை 50க்கு 50 ஆக்கிவிட்டன. இதுதான் போலிச் சமநிலை. இதில் யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கண்ணை மூடிக்கொண்டு எடுத்த சோற்றுக்குத்தான் பொருந்தும். வேகாத பருக்கை ஒன்றைத் துழாவி எடுத்து, வெந்த பருக்கைக்குப் பக்கத்தில் வைத்தால், பானையே அரைவேக்காடு என்று தோன்றும்.

சரி, எண்ணிக்கையைக் கூடவே சொல்லிவிட்டால்? அங்கேதான் சிக்கல். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெரெக் கோலர் 2016இல் வெளியிட்ட சோதனைகளில், பொருளியல் கேள்விகளுக்கு எத்தனை நிபுணர்கள் எந்தப் பக்கம் என்ற எண்ணிக்கை வாசகர்களுக்குக் காட்டப்பட்டது. சிலருக்கு மட்டும், தரப்புக்கு ஒரு நிபுணரின் கருத்தும் சேர்த்துத் தரப்பட்டது. நிபுணர்கள் பெரிதும் ஒத்துப்போன கேள்விகளில்கூட, எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்களைவிட அவர்கள் அதிகப் பிளவு இருப்பதாக நினைத்தார்கள், எண்கள் கண்முன்னே இருந்தும். ஒரு மனிதர் காரணம் சொல்லி வாதாடுவது மனதில் நிற்கிறது, சதவீதம் நழுவிவிடுகிறது.

ஏற்கெனவே பக்கம் எடுத்துவிட்டவர்களிடம் இது வேறு மாதிரி வேலை செய்கிறது. 1979இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், மரண தண்டனையை ஆதரித்த 24 மாணவர்களும் எதிர்த்த 24 பேரும் ஒரே இரு ஆய்வுச் சுருக்கங்களைப் படித்தார்கள்: ஒன்று தண்டனை கொலைகளைக் குறைக்கிறது என்றது, மற்றது இல்லை என்றது. இரு தரப்பும் தமக்கு ஒத்த ஆய்வை மெச்சி, எதிரானதன் செய்முறையில் ஓட்டை தேடின. முடிவில், முன்பைவிடத் தங்கள் கருத்து உறுதியானதாகச் சொன்னார்கள். இந்தக் கடைசிப் பகுதி பிற்கால ஆய்வுகளில் எப்போதும் திரும்ப வரவில்லை. ஓட்டை தேடும் பழக்கம் மட்டும் திரும்பத் திரும்பத் தென்பட்டது. ஆக, சரிபாதி விவாதம் இவர்களை நடுவே இழுத்து வரும் என்று நம்ப இடமில்லை.

அப்படியானால் எதிர்த்தரப்பை வெளியே நிறுத்துவதா? கேள்வியைப் பொறுத்தது. ‘ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்க வேண்டுமா?’ என்பது விழுமியம் சார்ந்த கேள்வி. வாக்கெடுப்பில் நாடே 51.9க்கு 48.1 சதவீதம் எனப் பிரிந்து நின்ற அதில் சரிபாதி நேரம் நியாயம்தான். ‘வெளியேறினால் வளர்ச்சி என்னாகும்?’ என்பது சான்று சார்ந்த கேள்வி. இரண்டையும் ஒரே மேசையில் குழப்பியதுதான் பிழை.

ஆகவே விவாதத்தைத் தயாரிப்பவர் முதலில் கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சான்றுக் கேள்வியில் துறையினரின் விகிதத்தைத் தொடக்கத்தில் ஒருமுறை சொன்னால் போதாது. சிறுபான்மைக் கருத்தைச் சொல்பவர் பேசும் இடத்திலேயே, அவர் எத்தனை பேரில் ஒருவர் என்பதையும், மற்றவர்கள் ஏன் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விருந்தினரைத் தேட எவ்வளவு நேரமானது என்பதும் நல்ல எச்சரிக்கை மணி. பருவநிலை மாற்றம் பற்றி 2018இல் தன் செய்தியாளர்களுக்கு அனுப்பிய குறிப்பில் பிபிசி கால்பந்தை உதாரணம் காட்டியது: போன சனிக்கிழமை மான்செஸ்டர் யுனைடெட் அணி 2-0 என்று வென்றதை மறுக்க யாரையும் கூப்பிடுவதில்லையே!