புகைப்பதை நிறுத்த குடும்ப மருத்துவரிடம் என்னென்ன கேட்டுப் பெறலாம்?

"புகைப்பீர்களா?" என்று மருத்துவர் கேட்டதும் "எப்பவாவது ஒண்ணு" என்று மழுப்புகிறவர்கள்தான் அதிகம். திட்டு விழுமோ என்ற கூச்சம். அந்தக் கேள்வி விசாரணை அல்ல, சிகிச்சையின் முதல் படி. உண்மையைச் சொன்னால்தான் அடுத்த படி.

இந்த உதவியை மருத்துவரின் தயவு என்று நினைக்க வேண்டாம். 2005-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் 180-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. புகையிலையிலிருந்து விடுபட உதவுவதும் சிகிச்சை கிடைக்கச் செய்வதும் அரசுகளின் பொறுப்பு என்கிறது அதன் 14-ஆவது பிரிவு. நோய் வந்த பிறகுதான் கேட்க வேண்டும் என்பதில்லை.

வெறும் பேச்சு என்ன செய்துவிடும்? லண்டன் குடும்ப மருத்துவர்களிடம் வந்தவர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 1979-இல் வெளியானது. எதுவும் சொல்லாமல் விட்டவர்களில் ஓராண்டுக்குப் பின் 0.3 சதவீதம் பேர்தான் புகைப்பதை விட்டிருந்தார்கள். ஓரிரு நிமிடம் அறிவுரை சொல்லி, துண்டறிக்கை கொடுத்து, "மறுபடி விசாரிப்போம்" என்று அனுப்பியவர்களில் 5.1 சதவீதம். சின்ன எண்தான், ஆனால் செலவு இரண்டு நிமிடம்.

மருத்துவர் கேட்கும் முக்கியமான கேள்வி, தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பது. அரை மணி நேரத்துக்குள் என்றால் நிகோடின் பிடி வலுவாக இருக்கிறது. நிகோடின் சூயிங்கம் 2 மில்லிகிராமுக்குப் பதில் 4 மில்லிகிராம் தருவார்கள். அதைச் சாதாரண கம் போல மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காரம் தெரியும்வரை மெல்ல வேண்டும், பிறகு கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும், காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். காபி குடித்த கையோடு போட்டால் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது. தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச்சும் கம்மும் சேர்ந்தால் பலன் கூடும்.

வெரனிக்ளின், புப்ரோபியான் மாத்திரைகளும் உண்டு. புகைப்பதை நிறுத்தும் நாளுக்குச் சுமார் ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டியவை. வலிப்பு நோய் உள்ளவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது. கம், பேட்ச் போன்ற நிகோடின் மாற்றுச் சிகிச்சை 2009-லும், இந்த இரண்டு மாத்திரைகளும் 2021-லும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தன. இலவசமா, காப்பீட்டில் வருமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.

பலர் சொல்ல மறப்பது ஒன்று: வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பது. ஆஸ்துமாவுக்கான தியோபிலின், மனநோய்க்கான குளோசபின் போன்ற மருந்துகளைக் கல்லீரல் சீக்கிரம் கரைக்கும்படி செய்கிறது புகையில் உள்ள தார். புகை நின்றதும் அதே அளவு மருந்து உடலில் தேங்கும். பேட்ச் ஒட்டியிருந்தாலும் இதுதான் நிலை. அளவை மருத்துவர் குறைக்க வேண்டியிருக்கும். நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் வாரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். அதனால் மறு சந்திப்பை அந்த வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். நடுவில் ஒன்று பற்றவைத்துவிட்டாலும் அந்தத் தேதியைத் தள்ளிப்போடாமல் போய், நடந்ததைச் சொல்லுங்கள்.