“அண்ணா, இதைக் கொஞ்சம் தெளிவாக்கித் தாங்கோ”

ஸ்டூடியோ வைத்திருக்கும் யாரையும் கேட்டுப் பாருங்கள், இந்தக் கதையைக் கேட்காத கிழமை இராது. போன கிழமையும் ஒருவர் வந்தார். தாயாரின் அந்தியேட்டி வருகிறது. அன்று கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டின் முன்பக்கத்துக்கு ஒரு படம் வேண்டும், சுவரில் மாட்ட அதையே பெரிதாகவும் வேண்டும். போனை நீட்டினார். சொந்தக்காரப் பிள்ளையின் சாமத்திய வீட்டில் அம்மா ஆலாத்தி எடுக்கும்போது பிடித்த படம். அம்மா நல்லாகச் சிரிக்கிறார், அந்தச் சிரிப்புக்காகத்தான் அந்தப் படத்தையே தெரிந்தெடுத்திருக்கிறார்கள். ஆனால் முகம் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது. மூக்குத்தி புள்ளியாக இல்லை, ஒரு சின்னக் கோடாகக் கிடக்கிறது. பின்னால் இருக்கும் மணவறைச் சோடனையில் ஒவ்வொரு பூவையும் எண்ணலாம்.

“போன் நல்ல போன் அண்ணா, 108 மெகாபிக்சல்” என்றார்.

என்னிடம் வரும் முன்பே ஏதோ ஒரு ஆப்பில் போட்டுத் ‘தெளிவாக்கியும்’ வைத்திருந்தார். அதையும் காட்டினார். கண்ணும் இமையும் பல்வரிசையும் அச்சில் வார்த்தமாதிரிக் கச்சிதம். கூட வந்த தங்கச்சி எட்டிப் பார்த்துவிட்டு, “இது அம்மா இல்லை” என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் நான் விளக்கம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

எடுக்கும்போது எப்படியும் எடுக்கலாம், பிறகு தெளிவாக்கலாம் என்று ஒரு நம்பிக்கை ஊரில் பரவிக் கிடக்கிறது. அதைத்தான் முதலில் உடைக்கவேண்டும். குழைந்த சோற்றை மறுபடி அரிசியாக்கித் தா என்று யாரும் கேட்பதில்லை. படத்துக்கு மட்டும் கேட்கிறார்கள்.

கெட்டுப்போகும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரிக் கெடுவதில்லை. கொஞ்சம் இருட்டாக வந்த படம் என்றால் கொண்டு வாருங்கள், ஓரளவு மீட்டுத் தரலாம், இருட்டுக்குள் இன்னும் விபரம் ஒளிந்திருக்கும். வெளிச்சம் கூடி வெளுத்துப்போன படம் வேறு கதை. போன் சாதாரணமாகச் சேமிக்கும் ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரைதான் வெளிச்சப் படிகள், மூன்று நிறமும் 255 என்றால் முழு வெள்ளை. வீடியோ லைற் நேரே அடித்த நெற்றியில், திருநீறும் 255, அதன் கீழே வியர்வை மினுங்கும் தோலும் 255 என்று பதிந்துவிட்டால், அங்கே மூன்று குறி இருந்தது என்று சொல்ல அந்தப் படத்துக்குள் எதுவுமே இல்லை. நான் வெளிச்சத்தைக் குறைத்தால் வெள்ளை சாம்பலாகும், திருநீறு திரும்பி வராது. முகம் இழுபட்டதும், போக்கஸ் தவறியதும் அதே வகைதான். இல்லாததை எந்த மென்பொருளும் எடுத்துத் தராது.

அப்படியென்றால் ஆப் எப்படித் தந்தது? கற்பனை பண்ணித் தந்தது. எத்தனையோ பேருடைய முகங்களைப் பார்த்துப் பழகிய ஒரு கணக்கு, இந்த இடத்தில் கண் இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு கண்ணை வரைகிறது. அம்மாவின் இடது கண் கொஞ்சம் சின்னன் என்பது அதற்குத் தெரியாது. கன்னத்து மறுவை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். மூக்குத்திக் கோட்டையும் தோலாக்கிவிடும். தெரியாத ஆட்களுக்கு அது அழகான படம். பெற்ற பிள்ளைக்கு வேறு யாரோ ஒருவரின் படம். பழைய, நல்லாக எடுத்த, கீறல் விழுந்த ஸ்டூடியோப் படத்தைத் திருத்த இந்த ஆப்கள் உதவும், அதை நானும் பாவிக்கிறேன். இழுபட்ட முகத்துக்கு வேண்டாம், தயவுசெய்து.

மெகாபிக்சல் கதையையும் முடித்துவிடுகிறேன். 108 மெகாபிக்சல் போன்கள் பெரும்பாலும் ஒன்பது பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகின்றன. இருட்டில் அதுதான் நல்லதும்கூட. முழு 108ஐயும் போட்டு எடுத்தாலும், ஆடுகிற கை ஆடித்தான் விழும், இன்னும் பெரிதாக ஆடி விழும்.

அந்தப் படத்தில் உண்மையில் நடந்தது என்ன? கலரியில் படத்தை மேலே தள்ளினால் விபரம் வரும். உங்கள் படங்களிலும் ஒருமுறை தள்ளிப் பாருங்கள், அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. அவருடைய படத்தில் சட்டர் 1/17 என்று இருந்தது. அதாவது ஒரு செக்கனில் பதினேழில் ஒரு பங்கு நேரம் போன் கண்ணைத் திறந்து வைத்திருந்திருக்கிறது. மணவறை அசையாது, அதனால் தெளிவு. ஆலாத்தி எடுக்கும் ஆள் அசைவார். எடுத்தவரின் கை நடுங்கவில்லை, போனும் பழுதில்லை. மண்டப வெளிச்சம் போதாது என்று போனின் ஆட்டோ மோட் தன் பாட்டில் சட்டரை மெதுவாக்கியது. அங்கே ஆள் முக்கியமா மணவறை முக்கியமா என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

சொல்வதற்குத்தான் ப்ரோ மோட், சட்டர் போன்றவற்றை நாமே வைக்கும் இடம். சாம்சங்கில் கமராவைத் திறந்து ‘மோர்’ என்பதற்குள் போனால் இருக்கும், ரெட்மியிலும் அதே பெயர்தான். இல்லாத அன்ட்ரொயிட் போன் என்றால் ஓப்பன் கமரா என்ற இலவச ஆப்பைப் போடலாம். ஐபோனின் சொந்தக் கமராவில் சட்டரை நேரடியாக மாற்ற இடமில்லை, ஹலைட் போன்ற ஆப் வேண்டும். ஆனால் ஐபோனில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் போக்கஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே கீழே இழுத்தால் வெளிச்சம் கூடும் குறையும். அதையாவது செய்யுங்கள்.

ப்ரோவைத் திறந்ததும் பயப்படவும் வேண்டாம், கண்டதையெல்லாம் திருகவும் வேண்டாம். ஆட்கள் இருக்கும் படத்துக்குச் சட்டர்தான் முதல் வேலை. நின்று போஸ் கொடுக்கும் ஆளுக்கு 1/100. நடந்து வருபவர்களுக்கு 1/250. நம் திருகோணமலையின் டச் பே கடற்கரையில் ஓடித் திரியும் பிள்ளைகளுக்கும், பிரட்ரிக் கோட்டைக்குள் திடீரென்று துள்ளும் மானுக்கும் 1/500க்குக் குறையாமல் வையுங்கள். கோணேசர் மலைக்குக் கீழே பாறையில் அடிக்கும் அலையைத் துளித் துளியாக நிறுத்தவேண்டுமா, 1/1000க்கு மேலே போங்கள். பகலில் இதற்கெல்லாம் வெளிச்சம் தாராளம்.

மண்டபத்துக்குள் இன்னொரு தொல்லை உண்டு. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் பல லைற்றுகள் செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, போனுக்குத் தெரியும். சட்டரை 1/320, 1/500 என்று வேகமாக்கினால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக விழும். “கமரா பழுதாப் போச்சு” என்று ஓடி வருவார்கள். பழுதில்லை. மண்டபத்துக்குள் 1/50 அல்லது 1/100இல் நில்லுங்கள், பட்டை போய்விடும். மேடையில் நிறம் மாறிக்கொண்டிருக்கும் சில மலிவுச் சோடனை லைற்றுகள் அதற்கும் அடங்காது, அவற்றைப் பின்னணியில் இருந்து விலக்கி எடுப்பதுதான் வழி.

சட்டரை வேகமாக்கியதும் படம் இருட்டும். அப்போது ஐஎஸ்ஓவை, அதாவது போன் வெளிச்சத்தை உணரும் அளவை, ஏற்றுங்கள், 400, 800, தேவைப்பட்டால் 1600கூட. “புள்ளி புள்ளியாக வருமே” என்பார்கள். வரட்டும். புள்ளி விழுந்த படத்தைப் பிரேம் போட்டு எத்தனையோ வீட்டுக்குக் கொடுத்திருக்கிறேன், ஒருவரும் குறை சொன்னதில்லை. இழுபட்ட படத்தை ஒருவருக்கும் கொடுக்க முடிந்ததில்லை. வெயிலில் மட்டும் ஐஎஸ்ஓவைக் கீழே இறக்கி 50, 100இல் வைத்துவிடுங்கள்.

இடையில் ஒன்று. போர்ட்ரெயிட் மோட்டில் எஃப் 1.4, எஃப் 16 என்று ஒரு கோட்டை இழுத்துவிட்டு “அப்பர்ச்சர் மாத்தினேன்” என்று சொல்கிறார்கள் தம்பிமார். ஒரு சில போன்களைத் தவிர மற்றவற்றில் அப்பர்ச்சர், அதாவது வில்லையின் துவாரம், மாறவே மாறாது. நீங்கள் இழுப்பது, பின்னணியில் கணக்குப் போட்டுப் பூசும் மங்கலைத்தான். கொண்டையில் வைத்த மல்லிகைச் சரத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பாதிப் பூவையும் சேர்த்து மங்கலாக்கியிருக்கும்.

வெளிச்சத்துக்கு வருவோம். நம் ஊரில் சூரியன் கடலில் உதிக்கிறது. உப்புவெளியில், நிலாவெளியில் காலையில் கடலைப் பின்னால் வைத்து ஆளை நிறுத்தினால் முகம் கரியாகும், அல்லது முகத்தைக் காப்பாற்றப்போய் கடலும் வானமும் வெள்ளைத் தாளாகும். செற்றிங் தேடாமல் ஆளைக் கொஞ்சம் திருப்பி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பின்னேரம் போங்கள். வெள்ளை வேட்டி சால்வையில் நிற்பவர்களை வெயிலில் எடுக்கும்போது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் இவி என்பதை -0.7க்கு இறக்குங்கள், சால்வையின் மடிப்புத் தப்பும். வெள்ளை மணல் முழுப்படத்தையும் நிறைத்தால் எதிர்ப்பக்கம், +0.7. இன்னொன்று, கறுத்த முகத்தை வெளுப்பாக்குவதற்காக வெளிச்சத்தை ஏற்றாதீர்கள். பியூட்டி மோட்டை அணைத்துவிடுங்கள். அந்த நிறம் அந்த ஆளுடையது, போனுக்கு அதில் என்ன வேலை?

நிறத்துக்கு வைற் பலன்ஸ், விளக்கின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்வது. கோணேசர் நகர்வலம் வரும் இரவில் எடுத்த படங்களை அடுக்கிப் பாருங்கள். ஒன்றில் சாமியின் பட்டு அரக்கு, அடுத்ததில் செம்மஞ்சள், அதற்கடுத்ததில் ஊதா. ஆட்டோ ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக யோசித்ததன் விளைவு. ஒரு எண்ணில் பூட்டிவிடுங்கள். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் 3000 கெல்வின் அளவில், வெயிலில் 5500 அளவில் வைத்துத் திரையைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். குத்துவிளக்கு வெளிச்சத்தை மட்டும் வெள்ளையாக்கப் பாடுபடாதீர்கள், 4000 பக்கம் விட்டால் அந்தப் பொன்னிறம் நிற்கும்.

ப்ரோதான் எப்போதும் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. இரவில் உள்துறைமுகத்து விளக்குகளை, ஆள் இல்லாமல் எடுக்கவேண்டும் என்றால் நைற் மோட்தான் சரி. அது பல படங்களை எடுத்து ஒன்றாக்கும், ப்ரோவில் பெரும்பாலும் அந்த வசதி இராது. அசைகிற ஆட்களுக்கு அதே நைற் மோட்டைப் போட்டீர்களோ, மறுபடி என் கடைக்குத்தான் வரவேண்டும்.

இதை எல்லாம்விட முதலில் வில்லையைத் துடையுங்கள். கடற்காற்றுள்ள ஊர் இது. பின்னேரம் கடற்கரையில் கொஞ்ச நேரம் நின்றாலே கண்ணாடியில் உப்புப் படியும், அதன்மேல் விரல் எண்ணெயும் சேர்ந்தால் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் புகை மாதிரி வளையம் வரும். காய்ந்த உப்பைச் சேட்டு நுனியால் அழுத்தித் தேய்த்தால் கீறும், மென்மையான துணியைச் சற்று ஈரமாக்கி ஒற்றி எடுங்கள். ஏசி வானில் இருந்து இறங்கிய கையோடு எடுக்கவும் வேண்டாம், வில்லையில் பனித்திருக்கும்.

பழகுவதை வீட்டில் பழகுங்கள், கலியாண வீட்டில் அல்ல. தாலி கட்டும் நேரத்தில் கமராக்காரருக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு ஐஎஸ்ஓ தேடுகிறவர்களை எங்களுக்கு நல்லாகத் தெரியும். வேலை முடிந்ததும் செற்றிங்கைப் பழையபடி ஆட்டோவுக்கு விடுங்கள். சில போன்கள் கடைசியாக வைத்த எண்ணை அப்படியே வைத்திருக்கும், மறுநாள் வெயிலில் எடுத்தால் எல்லாம் வெள்ளை. கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுப் பக்கம் “இன்னும் ஒரு அடி பின்னுக்கு” என்று யாரையும் நகர்த்தாதீர்கள், நீங்களும் திரையைப் பார்த்தபடி பின்னால் போகாதீர்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். வீட்டில் அம்மம்மா, அப்பப்பா இருந்தால் ஒரு காலை பத்து மணிபோல விறாந்தையில், வெயில் நேரே படாத இடத்தில் கதிரை போட்டு இருத்துங்கள். சட்டர் 1/125, ஐஎஸ்ஓ 100இல் தொடங்கி வெளிச்சத்துக்கு ஏற்ப ஐஎஸ்ஓவை மட்டும் மாற்றுங்கள், போக்கஸ் கண்ணில். பின்னால் கொடியில் உடுப்பு தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று கேட்டால் அடையாள அட்டைக்கு என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் பயந்துவிடுவார்கள். பேசவிட்டு எடுங்கள். சிரிப்பு தானாக வரும்.

எடுத்த படத்தை எனக்கு அனுப்பும்போது வட்ஸ்அப்பில் சும்மா படமாக அனுப்பாதீர்கள். நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கித்தான் வந்து சேரும், நல்ல தரத்தில் அது ஐந்து அங்குலப் படத்துக்குத்தான் காணும். 12க்கு 18 பிரேம் கேட்கிறீர்கள், அதற்குச் சரியாக 3600க்கு 5400 பிக்சல் வேண்டும், பாதி இருந்தாலும் சமாளித்துத் தருவேன். ‘டொக்கியுமென்ற்’ என்பதைத் தெரிந்தெடுத்து அதற்குள்ளால் அனுப்புங்கள், அல்லது போனையே கடைக்குக் கொண்டு வாருங்கள், வயர் என்னிடம் இருக்கிறது. ஸ்கிரீன்ஷொட் மட்டும் எடுத்து அனுப்பாதீர்கள்.