வெளிச்சம் போட்டால் குஞ்சுக்குச் சூடு வராது

போன ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அம்மாவும் அவருடைய பையனும் செருப்புக்கடை அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளே ஆறு கோழிக்குஞ்சுகள். நான்கு செத்திருந்தன. மீதி இரண்டும் கண்ணை மூடி, இறக்கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தன. காலைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது.

“ராத்திரி பூரா லைட் போட்டுதான் டாக்டர் வச்சிருந்தோம்” என்றார் அந்த அம்மா.

என்ன லைட் என்று கேட்டேன். 9 வாட் எல்இடி.

இந்த மார்கழியில் மட்டும் இப்படி என் மேசைக்கு வந்த ஐந்தாவது பெட்டி இது. ஐந்து வீட்டிலும் அதே பதில். எல்லோரும் அக்கறையோடுதான் வளர்க்கிறார்கள். அதனால்தான் எனக்குக் கோபத்தை விட வருத்தம் அதிகமாக வருகிறது.

குஞ்சுக்கு பல்பு போடச் சொல்வது வெளிச்சத்துக்காக என்று பலரும் நினைக்கிறார்கள். பல்பு அங்கே தாய்க்கோழியின் வேலையைச் செய்கிறது. 21 நாள் முட்டைக்குள் ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸில் இருந்த உயிர் அது. பிறந்த முதல் வாரம் அதைச் சுற்றி 35 டிகிரியாவது வேண்டும். இறகு முளைக்கும் வரை, அதாவது மூன்று நான்கு வாரம் வரை, தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதனால் முடியாது. பழைய குண்டு பல்பு தான் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகத்தான் வெளியே விட்டது. நம் பாட்டிமார் காலத்தில் 60 வாட் பல்பு தொங்கவிட்டுக் குஞ்சு வளர்த்தது அதனால்தான் சரியாக வந்தது. எல்இடி அதே அளவு வெளிச்சத்தை 9 வாட்டில் கொடுத்துவிடுகிறது. இழுப்பதே 9 வாட் என்றால் சூட்டுக்கு எங்கே போவது? அறை பளிச்சென்று இருக்கும், குஞ்சு விறைத்துக் கிடக்கும். பெரிய எல்இடி வாங்கிப் போட்டாலும் இதே கதைதான்.

எலக்ட்ரிக்கல் கடையில் குண்டு பல்பு என்று கேட்டால் இன்னும் கிடைக்கிறது. பத்துக் குஞ்சுக்கு ஒரு 60 வாட் போதும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கட்டுங்கள். ஒயரை மட்டும் நம்பித் தொங்கவிடாதீர்கள், கம்பியால் தனியாகக் கட்டுங்கள். அட்டைக்கோ கோணிக்கோ பட்டால் தீப்பிடிக்கும். வாரம் ஒருமுறை பல்பைக் கொஞ்சம் உயர்த்தி, சூட்டை மூன்று டிகிரி அளவு குறைத்துக்கொண்டே வாருங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றாலும் குஞ்சே சொல்லிவிடும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் சூடு போதவில்லை. ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி. சித்திரை, வைகாசியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் வளர்ப்பவர்கள் பகலில் பல்பை அணைத்தே ஆகவேண்டும். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். மூடிய அறையில் கரிச்சட்டி வேண்டவே வேண்டாம், அந்தப் புகையில் குஞ்சு மட்டுமல்ல, அங்கே தூங்கும் மனிதர்களும் போய்விடுவார்கள்.

செய்தித்தாளை மட்டும் விரிக்காதீர்கள். வழுக்கி வழுக்கிக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துவிடும், பிறகு நேராவது கஷ்டம். இரண்டு அங்குலம் உமி போடுங்கள், ஈரமான உமியை அன்றன்றே அள்ளுங்கள். ஈரத்தில்தான் ரத்தக் கழிச்சல் வரும். பெட்டிக்கு மூலை இருந்தால் அட்டையை வளைத்து வட்டமாக்குங்கள், மூலையில் நெருக்கிக்கொண்டு மூச்சுமுட்டிச் சாகும். மேலே கம்பிவலை போடுங்கள். நம் பக்கம் பெருச்சாளி எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

தீவனம்: நொய் மட்டும் போட்டு வளர்க்க முடியாது, குஞ்சுத் தீவனம் என்று கேட்டு வாங்குங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் அதிகம், குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். ஆழமில்லாத தட்டில் தண்ணீர். மெடிக்கல் ஷாப்பில் கேப்ஸ்யூல் வாங்கிப் பிரித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிறவர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். குளிரில் விறைத்த குஞ்சுக்கு அது எதுவும் செய்யாது.

வெள்ளைக் கழிச்சலுக்கு, அதாவது ராணிக்கெட் நோய்க்கு, குஞ்சு பிறந்து ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து விட வேண்டும். வந்தபின் அதற்கு மருந்து கிடையாது. குப்பி நூறு குஞ்சுக்குக் குறையாமல் வருவதால் ஆறு குஞ்சுக்கு எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். தெருவில் வளர்க்கும் நாலு வீடு சேர்ந்து வாங்குங்கள், இல்லையென்றால் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஐஸில் வைத்து எடுத்து வராத மருந்தை ஊற்றி என்ன பயன்?

இன்னொன்று. அந்தப் பையனிடம் இருந்தவை சிவப்பும் பச்சையும் சாயமடித்த கலர் குஞ்சுகள். முட்டை போடும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். இவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள், பண்ணைக்குத் தேவையில்லை என்று ஒதுக்கப்பட்டவை. சாயத்தில் நனைந்து, வெயிலில் கூடையில் கிடந்து, பாதி உயிரோடுதான் உங்கள் கைக்கு வருகின்றன. வளர்க்கத்தான் வேண்டும் என்றால் மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நந்தனம் கோழி ரகங்களை உருவாக்கியவர்கள். அங்கே விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

பிள்ளைகள் குஞ்சை முகத்தோடு ஒட்டிக் கொஞ்ச வேண்டாம், தொட்ட கையை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். மனிதர்களுக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் சால்மோனெல்லா கிருமி நல்ல குஞ்சின் உடம்பிலும் இருக்கலாம். அடுக்களையில் வளர்க்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது.

அந்த இரண்டில் ஒன்று பல்புக்கடியில் இரண்டு மணி நேரத்தில் எழுந்து தண்ணீர் குடித்தது. மற்றொன்று பிழைக்கவில்லை. பையன் அழவில்லை, “முன்னாடியே வந்திருந்தா?” என்று மட்டும் கேட்டான். அதனால் கேட்டுக்கொள்கிறேன், குஞ்சு தூங்கி வழிகிறது என்று தோன்றிய அன்றைக்கே தூக்கிக்கொண்டு வாருங்கள். பைக்கில் முன்னால் வைத்துக் காற்றடிக்க எடுத்து வராதீர்கள். பெட்டிக்குள் வெந்நீர் பாட்டில், மேலே ஒரு துண்டு, மூச்சுக்கு இரண்டு ஓட்டை.