மருந்தடிக்காத பாதி

நெல் நட்டு இருபது நாள் ஆகியிருக்காது. இலையில் நாலு வெள்ளைக் கோடு தெரிந்தால் போதும், டெல்டாவில் தெளிப்பான் தோளில் ஏறிவிடும். இலைச்சுருட்டுப் புழுவாம். விவசாயிகள் வயலிலேயே பார்த்துக் கற்கும் வயல்வெளிப் பள்ளியை நடத்தும் எங்களைப் போன்றவர்கள் "இப்ப அடிக்காதீங்க, பயிர் தானா தேறிடும்" என்றால், "மகசூல் போச்சுன்னா நீங்களா சார் தருவீங்க?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

இதற்குப் பேசிப் பயனில்லை, கத்தரிக்கோலைக் கொடுத்துவிட வேண்டும். தூர் கட்டும் (புதுத் தண்டுகள் கிளைக்கும்) பயிரில் மூன்று கட்டம் குறித்துக்கொள்கிறோம். ஒன்றில் இலைப் பரப்பில் கால் பங்கை விவசாயிகளே வெட்டுவார்கள், இன்னொன்றில் பாதியை. மூன்றாவதைத் தொடுவதில்லை. மூலைக்கு ஒரு குச்சி நட்டுக் கயிறு கட்டியாயிற்று. வெட்டும்போதே சிலருக்குக் கை கூசும், பயிராயிற்றே! ஆனால் அந்த வயதில் நெல் புது இலை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். அறுவடையன்று மூன்றையும் தனித்தனியே கதிரடித்து எடை போடும்போது, கால் பங்கு வெட்டியதற்கும் வெட்டாததற்கும் பெரிய வித்தியாசம் வருவதில்லை. பூக்கும் சமயத்தில் கதிரை ஒட்டிய கண்ணாடி இலை போனால் கதை வேறு. அதனால்தான் இலைச்சுருட்டுக்கு வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலைச் சேதம் வரை பொறுக்கலாம், பூக்கும்போது 5 சதவீதம்தான் என்று பரிந்துரையில் வைத்திருக்கிறார்கள்.

இந்த வயல்வெளிப் பள்ளி முறை 1989இல் இந்தோனேசியாவில் தொடங்கியது. அங்கே மருந்து அடிக்க அடிக்க, நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி பெருகியது, ஏனென்றால் அதைத் தின்னும் சிலந்திகள்தான் முதலில் செத்தன. 1986இல் நெல்லுக்கு 57 மருந்துகளை அரசே தடை செய்தது. தடை போட்டால் மட்டும் போதுமா? எந்தப் பூச்சி எதைத் தின்கிறது என்று விவசாயி தன் கண்ணால் பார்க்க வேண்டும். வியட்நாமில் மேக்கொங் டெல்டா விவசாயிகளிடம், வயலில் ஒரு பகுதியில் மட்டும் விதைத்த 40 நாள் வரை இலைச்சுருட்டுக்கு அடிக்காமல் விட்டுப் பாருங்கள் என்றார்கள். அறுவடையில் ஒப்பிட்டவர்கள் அப்புறம் மற்ற இடத்திலும் தெளிப்பைக் குறைத்தார்கள்.

நம் புகையான் பரிந்துரையிலும் சிலந்திக்குக் கணக்கு உண்டு. சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு 1 பூச்சி வந்ததும் நடவடிக்கை. குத்துக்கு, அதாவது ஓரிடத்தில் நட்ட கொத்துக்கு, 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 பூச்சி வரை பொறுக்கலாம். பூச்சியை எண்ணுகிற பலர் சிலந்தியை எண்ணுவதில்லை.

சரி, சொந்த வயலில் சோதிக்க 12 சென்ட் போதும். ஒரு பாதியில் வழக்கம்போல் அடியுங்கள், மறுபாதியில் அடிக்காமல் விடுங்கள். சரியாகச் செய்யாவிட்டால் தப்பான முடிவுதான் கிடைக்கும். தண்ணீர் நுழையும் வாய்மடை ஓரத்தைச் சோதனைக்கு எடுக்காதீர்கள், அங்கே தண்ணீரும் சத்தும் வேறு மாதிரி இருக்கும். மேட்டையும் பள்ளத்தையும் ஒப்பிடாதீர்கள். அடித்த பாதியும் அடிக்காத பாதியும் ஒரே ரகம், ஒரே நாற்று, ஒரே நாள் நடவு, ஒரே அளவு யூரியா. இரண்டு பாதிக்கும் நடுவில் நாலைந்து வரிசையைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள், காற்றில் மருந்து வந்து விழும். எந்தப் பாதியை அடிக்காமல் விடுவது என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். நாமாகத் தேர்ந்தெடுத்தால் நல்ல இடத்துக்குத்தான் கை போகும். வாரம் ஒரு நாள் காலையில் குறுக்கே நடந்து 20 குத்தைத் தட்டி, பூச்சி ஒரு பக்கமும் சிலந்தி, தட்டான், பொறிவண்டு மறுபக்கமும் எழுதுங்கள். அடிக்காத பாதியில் சேதம் மேலே சொன்ன அளவைத் தாண்டினால் வீம்புக்கு விட்டுவைக்காமல் அடித்துவிடுங்கள், அடித்த தேதியையும் எழுதுங்கள். ஒருவர் வயலில் ஒரு போகம் வந்த முடிவை நான் நம்ப மாட்டேன். அதே ஊரில் நாலைந்து பேர் ஒரே மாதிரி செய்து பார்த்தால் அது ஆராய்ச்சி.

விதையும் உரமும் இலவசமாகக் கொடுத்து, சாலையோரம் போர்டு நட்டுப் படம் எடுக்கும் செயல்விளக்கத் திடல் இந்தக் கணக்கில் சேராது. அங்கே கேள்வியும் எங்களுடையது, பதிலும் எங்களுடையது.

அறுத்த பிறகு ஒப்பிடும்போது மூட்டையை எண்ணி முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இரண்டு பாதியிலும் நடுப்பகுதியில் சம அளவு இடத்தை அளந்து அறுத்து, ஒரே நாளில், ஒரே தராசில் நிறுத்துப் பாருங்கள். செலவுப் பக்கத்தில் மருந்து விலையோடு தெளித்த ஆள் கூலியையும் எழுதுங்கள். நீங்களே தெளித்திருந்தாலும்தான்.